வாசித்ததை வரைந்து பார்: வகுப்புக் குறிப்புகள்

ஜூலை 3, வியாழன்

நாலாம் வகுப்புக்கு ஒரு வருணனைப் பத்தி. மலைச்சரிவில் கல் வீடு, வாசலுக்கு நேரே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் பாதி சாய்ந்த மரம். "வீடு எங்கே இருந்தது?" என்று கேட்டால் "மலைச்சரிவில்" என்று பட்டென்று பதில் வரும். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அதற்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்துப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. எனவே இன்று கேள்வியே கேட்காமல், தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன்.

நிறையப் படங்களில் ஓடை வீட்டுக்குப் பின்னால் ஓடியது. மரம் நேராக நின்றது. யார் எந்த வரியைத் தாண்டிப் போனார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

ஜூலை 4, வெள்ளி

பென்சில் மட்டும்தான், கலர் கிடையாது. கொடுத்தால் சூரியனுக்குக் கதிர் போடுவதிலேயே பாடவேளை முடிந்துவிடும். குச்சி மனிதன் போதும்.

2016இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகளில், எழுதிய சொற்களைவிட வரைந்த சொற்களே அதிகம் நினைவில் நின்றன. ஒரு சொல்லுக்கு 4 நொடி மட்டும் கொடுத்தபோதும் அப்படித்தான். ஆனால் அது தனிச்சொற்களை நினைவில் வைப்பது பற்றியது. பத்தியைப் புரிந்துகொள்வது வேறு வேலை.

ஜூலை 8, செவ்வாய்

இன்று சிக்கலே வாக்கிய அமைப்பில்தான். "ஓடைக்கு அப்பால், பாறைக்குப் பின்னால், கூரை மட்டும் தெரியும்படி மறைந்திருந்த குடிசை." தமிழில் அடைமொழியெல்லாம் முதலில் வரும், பொருள் கடைசியில்தான் வரும். பிள்ளைகள் 'ஓடை' என்றதும் ஓடையைப் பெரிதாக வரைந்துவிடுகிறார்கள், பாறையை அதைவிடப் பெரிதாக. குடிசைக்குத் தாளில் இடமே இல்லை!

வாக்கியம் முடியும்வரை பென்சிலைத் தொடக் கூடாது என்றேன். எதைப் பற்றிச் சொல்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, அப்புறம் பின்னோக்கி வர வேண்டும்: எப்படிப்பட்ட குடிசை? கூரை மட்டும் தெரிகிறது. ஏன்? முன்னால் பாறை. பாறை எங்கே? ஓடைக்கு அப்பால். இந்த வரிசையில் போனதும் முழுக் குடிசை வரைந்தவர்கள் தாங்களாகவே அழித்துவிட்டுக் கூரையை மட்டும் விட்டார்கள். எனக்குப் பரம திருப்தி.

ஜூலை 10, வியாழன்

ஒரு பெண் கூரைக்கு மேல் புகை வரைந்திருந்தாள். பத்தியில் புகை என்ற சொல்லே இல்லை. "உள்ளே அடுப்பு எரியுதுன்னு போட்டிருக்கே, டீச்சர்" என்றாள். சரிதான். பக்கத்துப் பையன் படத்தில் ஒரு நாய். எங்கிருந்து வந்தது? "சும்மா."

இரண்டும் பத்தியில் எழுதப்படாதவைதான், ஆனால் ஒன்றல்ல. இனிமேல் படத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பத்தியில் ஆதாரமான வரியை அடிக்கோடிட வேண்டும். வரி கிடைக்காததைச் சுற்றி வட்டம். நாய்க்கு வட்டம் போட்டாயிற்று, அழிக்கச் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கண்ணை மூடினால் படம் எதுவும் தெரியவில்லை என்றான் ஒருவன். மனக்கண்ணில் காட்சி எழாதவர்கள் உண்டு. 2015இல் ஆடம் ஜீமன் குழுவினர் இதற்கு 'அஃபான்டேசியா' என்று பெயர் வைத்தார்கள். இவனும் அப்படியா என்று முடிவுகட்டுவது என் வேலை அல்ல. மேலிருந்து பார்ப்பதுபோல் வரைபடமாகப் போடு என்றேன். கட்டமும் கோடுமாகப் போட்டான், ஒரு திசைகூடத் தப்பவில்லை.

நாளைய பத்தி மழை பற்றியது, பாதிக்கு மேல் சத்தம்தான். அதை வரையச் சொல்லப் போவதில்லை, வாய்விட்டு வாசிக்க வைக்கலாம் என்றிருக்கிறேன்.