இரண்டு கார்டு, ஒரு சிம்

தாய்லாந்தின் சியாங் மாய்க்கு வந்த முதல் வாரம் ஏடிஎம்மில் 2,000 பாட் எடுத்தேன். உள்ளூர் வங்கிக் கட்டணம் 220 பாட். பத்து சதவீதத்துக்கும் மேல்! எவ்வளவு எடுத்தாலும் அதே 220தான் என்று அப்புறம்தான் உறைத்தது. இப்போது மாதம் ஒரே தடவை, 15,000 பாட்.

இன்னொரு பொறி திரையில் இருக்கிறது. ‘ரூபாயிலேயே கணக்குப் பார்த்துக் கழிக்கட்டுமா?’ என்று கேட்கும். ‘வேண்டாம்’ என்று அழுத்தினால் பணமே வராதோ என்று பயந்து முதலில் சரி சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றாலும் பணம் வரும். அந்த இயந்திரம் வைக்கும் மோசமான விலைக்குப் பதில் விசா அல்லது மாஸ்டர்கார்டின் விலை கிடைக்கும். அதன்மேல் என் வங்கி 3.5 சதவீதம் போடுகிறது, அந்த 3.5 சதவீதக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. அதனால் அந்த 3.5 இல்லாத ஒரு கார்டைத் தனியாக வாங்கினேன். சம்பளக் கணக்கின் கார்டு பெட்டி அடியில், சாக்ஸுக்குள். செயலியில் அதன் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வைத்திருக்கிறேன்.

வங்கி அனுப்பும் ஓடிபிதான் பெரிய தலைவலி. அது வரும் ஊர் சிம்மை அம்மாவிடம் விட்டு வந்திருந்தேன். ‘நாலா, ஏழா தெரியலடா, கண்ணாடியை எடுத்துட்டு வரேன்’ என்பதற்குள் நேரம் முடிந்துவிடும். தீபாவளிக்குப் போனபோது சிம்மை வாங்கி வந்துவிட்டேன்.