நீற்றறையும் படிக்காசும்

பண்ருட்டி பஸ் நிலையத்திலிருந்து திருவதிகை கூப்பிடு தூரம்தான். கெடில ஆற்றங்கரையில், சிவபெருமான் திரிபுரம் எரித்த தலம், அவருடைய எட்டு வீரச்செயல்களுக்கான அட்டவீரட்டானங்களில் ஒன்று. கோபுர வாசலின் உட்சுவர்களில் நாட்டியக் கரணங்களை அடுக்கடுக்காகச் செதுக்கியிருக்கிறார்கள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்க, "நடை சாத்திடுவாங்கடா தம்பி" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான் அப்போது சஸ்பென்ஷனில் இருந்தேன். நடக்காத வேலைக்கு ஒரு பில் என் கையெழுத்துக்கு வந்தது, போட மறுத்தேன். அப்புறம் என் மேலேயே வேறொரு புகார் கிளம்பியது. விசாரணை, பாதிச் சம்பளம். தினமும் கூட டீ குடித்தவர்கள் என் நம்பரைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை. "வீட்டுக்குள்ளேயே மருகிக்கிட்டு இருக்காதே, அப்பர் போன வழியில கொஞ்சம் போயிட்டு வருவோம்" என்று கிளப்பியவள் அக்காதான். என் கதை இந்த அளவுக்குப் போதும்.

அப்பரின் இயற்பெயர் மருள்நீக்கியார். திருவாமூரில் பிறந்த அவர் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். சூலைநோய் குடலைப் பிடுங்க, அதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் வந்து விழுந்தார், திருநீறு பெற்றார், பாடினார், நோய் தீர்ந்தது. தெரிந்த கதை. ஆனால் திலகவதியாரின் சந்நிதி முன்னால் நிற்கும்போது கதை வேறு பக்கம் திரும்புகிறது. மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்த பிறகு, தம்பிக்காகவே உயிரைத் தாங்கியவர் அவர். அந்தத் தம்பியும் விட்டுப் போனான். இவர் யாரையும் திட்டவில்லை. விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்கினார், சாணம் மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். தம்பியைத் திருப்பித் தரச் சொல்லி இறைவனிடம் கேட்டுவிட்டு மறுநாளும் துடைப்பத்தை எடுத்தார். எதிர்ப்பைத் தாங்கிய அப்பரைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அந்தத் தெம்பு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பேசுவது குறைவு. அக்கா அங்கே வெகுநேரம் நின்றாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

மூலவர் பட்டைகளோடு கூடிய பெரிய லிங்கம். தீபாராதனை முடிந்ததும் ஓதுவார் தொண்டையைச் செருமிக்கொண்டு "மாசில் வீணையும் மாலை மதியமும்" என்று எடுத்தார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்துபோன பாட்டு. ஆனால் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அப்பர் சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதால், அரசன் ஆணைப்படி நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் பூட்டி வைத்தபோது பாடியது என்று பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். அந்த வெக்கைக்குள் அவர் சொல்வதெல்லாம் வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை. ஈசன் எந்தை இணையடி நிழல் அப்படி இருக்கிறதாம். பாட்டில் 'காப்பாற்று' என்ற சொல்லே இல்லை. கதவைத் திற, தீயை அணை, அடைத்தவனைத் தண்டி, எதுவும் இல்லை. காளவாய் காளவாயாகவே இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு நிழல் கிடைத்துவிட்டது.

நான் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டதெல்லாம் வெளியில் நடக்க வேண்டிய காரியங்கள். புகார் கொடுத்தவன் மாட்ட வேண்டும், ஆர்டர் ரத்தாக வேண்டும், எல்லாரும் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்படி வேண்டுவது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிற மனசுக்கு அதில் ஒரு பருக்கையும் இல்லை என்பது ஓதுவார் குரலைக் கேட்டபோது புரிந்தது.

நஞ்சு கலந்த பாற்சோறு, கொலை யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியது என்று சோதனைகள் தொடர்கின்றன. யானை எதிரே வந்தபோதுதான் "அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை" என்றார். பாட்டு முழுக்க அதிகைக் கெடிலத்து நினைவுதான். பின்னால் அரசனே மனம் மாறி இங்கே குணபரவீச்சரம் என்ற கோயிலை எடுப்பித்தான் என்கிறது பெரிய புராணம். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். திருச்சி மலைக்கோட்டைக் குகைக் கல்வெட்டும் அவன் வேறு நெறியிலிருந்து லிங்க வழிபாட்டுக்குத் திரும்பியதைச் சொல்வதால், இந்த அரசன் அவனே என்று வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது 12ஆம் நூற்றாண்டில் சைவர் தரப்பிலிருந்து எழுதப்பட்ட சரிதம். சமணரைப் பழிக்க இதைக் கையில் எடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கடலூரில் கரையேறவிட்டகுப்பத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலுக்குப் போனோம். கல் தெப்பமாக மிதந்து கரைசேர்ந்தவர் "ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்" என்று பாடிய இடம். கூட்டம் அதிகம், சீக்கிரமே வெளியே வந்துவிட்டோம்.

மறுநாள் திருவீழிமிழலை. பூந்தோட்டத்திலிருந்து மேற்கே வயல்களுக்கு நடுவே போகிற சாலை. அப்பரும் சம்பந்தரும் இங்கே தங்கியிருந்தபோது ஊரில் பஞ்சம். அடியார்களுக்குச் சோறு போட இருவருக்கும் தினம் ஒரு பொற்காசு, படிக்காசு என்பார்கள், பீடத்தில் கிடைத்தது: கிழக்கே சம்பந்தருக்கு, மேற்கே அப்பருக்கு. அந்தப் பீடங்களை இன்றும் காட்டுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. அப்பர் மடத்தில் நேரத்தோடு பந்தி. சம்பந்தர் மடத்தில் தினமும் தாமதம். விசாரித்தால், சம்பந்தர் காசு மாற்றுக் குறைவு என்று கடைக்காரர் வட்டம் பிடிக்கிறார், அதாவது மதிப்பில் கழித்துக்கொள்கிறார், பேரம் பேசி முடிக்க நேரமாகிறது. அப்பர் புல் செதுக்கும் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்பவர், அதனால் அவருக்கு வாசியில்லாக் காசு, அதாவது கழிவில்லாத காசு. சம்பந்தர் கோபித்துக்கொள்ளவில்லை, நேரே இறைவனிடம் போய்க் கேட்டார்: "வாசி தீரவே காசு நல்குவீர்". மறுநாளிலிருந்து நல்ல காசு.

பஞ்சம் உடனே தீரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூட்டை மூட்டையாகவும் வரவில்லை. அன்றன்றைக்கு ஒரு காசு, அவ்வளவுதான். நாளைய காசு நாளைக்கு. படிக்காசுப் பிள்ளையார் முன்னால் உட்கார்ந்து அக்காவிடம் இதைச் சொன்னேன். "உனக்கும் இப்ப வட்டம் பிடிச்ச காசுதானே வருது" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து நாளாகியிருந்தது.

அதன்பின் வீழிநாதரிடம் ஒளிவுமறைவில்லாமல் கேட்டேன், பிடித்து வைத்திருக்கிற மீதிச் சம்பளத்தை. புகார் கொடுத்தவரைப் பற்றி ஏதோ சொல்ல நினைத்திருந்தேன், சொல்லவில்லை. விசாரணை இன்னும் நடக்கிறது. அடுத்த தேதிக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்களை பஸ்ஸிலேயே அக்கா வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டாள்.