ராகத்தைக் கழற்றிவிட்டு வாசி

பள்ளிப் பாடகர் குழுவில் நான் இருந்த ஐந்து வருடமும் ஒரு வழக்கம் மாறவில்லை. புதுப் பாட்டு வந்தால் ஆசிரியர் ஆர்மோனியத்தை மூடிவிடுவார். "ராகத்தைக் கழற்றிவிட்டு வாசி" என்பார். ஆளுக்கொரு சரணமாக, கடிதம் வாசிப்பதுபோல வாசிப்போம். மெட்டோடு கேட்டபோது உருக்கிய சில பாட்டுகள், அப்படி வாசித்ததும் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

அப்புறம் வினைச்சொற்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போடச் சொல்வார். நான் வருவேன், நான் வெல்வேன், நான் உயர்வேன் என்றே பாட்டு முழுக்க ஓடினால், "சரி, இதில் ஆண்டவர் என்ன செய்தார்?" என்று கேட்பார். வேதாகமத்தின் பாட்டுகளான சங்கீதங்களிலும் 'நான்' நிறைய வருகிறதே என்று ஒருநாள் எதிர்த்துக் கேட்டேன். கோபப்படாமல் 103ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். தன் ஆத்துமாவோடு பேசத் தொடங்குகிற தாவீது, மூன்றாம் வசனத்திலிருந்தே மன்னிக்கிறவர், குணமாக்குகிறவர், மீட்கிறவர் என்று தேவனுடைய செயல்களுக்குள் போய்விடுகிறார்.

திரும்பத் திரும்பப் பாடுவதையோ, தாளம் வேகமாக இருப்பதையோ அவர் குறை சொன்னதே இல்லை. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றுதான் முடிகின்றன. ஆனால் ஒவ்வொரு வசனமும் அந்தக் கிருபைக்கு ஒரு காரணம் சொல்கிறது. அந்த வித்தியாசத்தைத்தான் எங்களுக்குக் காட்டினார்.

இதே கவலை பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான புனித அகுஸ்தீனுக்கும் இருந்தது என்று பின்னாளில் படித்தேன். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தன்னை அதிகம் அசைத்தால் அதைப் பாவமாக எண்ணி வருந்தியவர் அவர். ஆனாலும் திருச்சபையில் பாட்டு வேண்டும் என்றே முடிவுசெய்தார், தாம் விசுவாசத்துக்குத் திரும்பிய நாட்களில் அந்தப் பாட்டுகள் தம்மை அழவைத்ததை மறக்காமல். "ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்று அப்போஸ்தலனாகிய பவுல் இரண்டையும் சேர்த்துத்தானே எழுதினார்!

'அமேசிங் கிரேஸ்' என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்து மனம் மாறிய ஜான் நியூட்டனின் வரிகள் அவை. அச்சில் வந்தது 1779இல். இன்று உலகம் பாடும் மெட்டு அதோடு சேர்ந்தது 1835இல். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த மெட்டின் துணையில்லாமலே அந்தச் சொற்கள் வாழ்ந்திருக்கின்றன.

இதெல்லாம் எனக்கு வெறும் அறிவாக இருந்தது, அப்பா படுக்கையில் விழும் வரை. அந்த மருத்துவமனை இரவுகளில் கைபேசியில் நான் சேர்த்துவைத்திருந்த பாட்டுகள் ஒவ்வொன்றாய் ஓடின. எல்லாம் வெற்றி, எல்லாம் மகிழ்ச்சி. நல்ல பாட்டுகள்தான். ஆனால் அங்கே அவற்றைப் பாட எனக்கு வாய் வரவில்லை. துக்கத்தை தேவனிடம் கொண்டுபோகிற ஒரு பாட்டைக்கூட நான் சேர்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேதாகமத்தின் பாட்டுப் புத்தகம் அப்படி இல்லை. முறையிடும் சங்கீதங்கள் அதில் ஏராளம். 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரை விடியாமலே முடிகிறது. விடியாவிட்டாலும், பேச்சு முழுக்க கர்த்தரிடம்தான்.

கைபேசியை அணைத்துவிட்டு அந்தச் சங்கீதத்தை எடுத்தேன். பாடக் குரல் எழவில்லை. பள்ளியில் எழுந்து நின்று வாசித்ததுபோல, ராகம் இல்லாமல், மெதுவாக வாசித்து முடித்தேன். தூங்குகிறார் என்று நினைத்திருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே, "இன்னொரு தடவை வாசி" என்றார்.