ஓயாமல் ஒலித்த புகை எச்சரிக்கைக் கருவி

நேற்று அதிகாலை மூன்று மணிக்குக் கூரையிலிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி, நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று ஒலிக்கத் தொடங்கியது. பேட்டரி தீர்ந்துவருகிறது என்பதே இதன் வழக்கமான பொருள். இரவுக் குளிர்ச்சியில் மின்னழுத்தம் மேலும் தாழ்வதால், பெரும்பாலும் நாம் உறங்கும் வேளையில்தான் இவ்வொலி எழுகிறது. புதிய 9 வோல்ட் பேட்டரியைப் பொருத்திய பின்னும் ஒலி நிற்கவில்லை. பேட்டரியைக் கழற்றி, சோதனைப் பொத்தானைச் சுமார் 15 நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றி, உள்ளே படிந்திருந்த தூசியை மென்மையான தூரிகையால் அகற்றியும் பயனில்லாததால், பின்புறத்தில் அச்சிட்டிருந்த தயாரிப்புத் தேதியைப் பார்த்தேன். 10 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குமேல் அதன் உணரியை நம்பக் கூடாது என்பதால் கருவியையே மாற்றிவிட்டேன்.

இந்த ஒற்றைக் கீச்சொலியும் ஆபத்தை அறிவிக்கும் ஒலியும் வேறுவேறு. பல கருவிகளில் மும்மூன்றாக ஒலித்தால் புகை, நான்கு நான்காக ஒலித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. அவ்வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லாததால், காரணம் தேடி நிற்காமல் உடனே அனைவரும் வெளியேறிவிட வேண்டும். தூக்கம் கெட்ட எரிச்சலில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள் என்று நண்பர்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.