பழைய சீட்டைக் காட்டி மூட்டுவலி மாத்திரை வாங்குகிறவர்களுக்கு

முழங்கால் தேய்மானத்துக்கு மருத்துவர் 5 நாளைக்கு எழுதிக் கொடுத்த அசிக்ளோஃபெனாக்கை, அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து வேண்டாம்.

முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரைதான் பல கடைகளில் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு அசிக்ளோஃபெனாக் 200 மி.கி.தான் உச்சம்: காலை ஒன்று, இரவு ஒன்று. நடுவில் பல்வலிக்கென்று டைக்ளோஃபெனாக்கோ இப்யூபுரூஃபனோ போட்டால் ஒரே வகை மருந்து இரட்டிப்பாகிறது. வலி பெரிதாகக் குறையாது, இரைப்பைப் புண்ணுக்குத்தான் வழி.

சாப்பிட்ட பிறகு போட்டால் வயிறு தப்பும் என்பது பாதி உண்மை. இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினை இந்த மருந்து ரத்தம் வழியாகவே குறைத்துவிடுகிறது. ஊசியாகப் போட்டாலும் புண் வருவது அதனால்தான். 65 வயதைத் தாண்டியவர்களும் முன்பு அல்சர் இருந்தவர்களும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை தேவையா என்று கேளுங்கள். அதைக் காலை உணவுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். மலம் தார் போலக் கறுத்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அதிகம் பயப்பட வேண்டியது சிறுநீரகத்துக்கு. பிரஷருக்கு டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் சட்டென்று குறையலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளில் இது இன்னும் மோசம். அன்று வலி மாத்திரை கூடவே கூடாது. தொடர்ந்து எடுக்க வேண்டியிருந்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பிரஷர் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாரடைப்பு வந்தவர்கள் இதயநோய் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முழங்கால் மட்டும்தான் வலி என்றால் டைக்ளோஃபெனாக் ஜெல் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை விட மிகக் குறைவாகவே ரத்தத்தில் கலக்கும்.