வலப்பக்க மட்காட்

"இந்தப் பக்கம் ஏன் உயர்ந்துபோய்க் கிடக்கு, தம்பி?"

நான் திருத்திக் கொடுத்த காரை இரண்டு தரம் சுற்றி வந்து ஐயா கேட்டது இவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. "உயரேல்லை ஐயா, இப்பதான் ரெண்டு பக்கமும் சமம்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கிருந்த பெருமைதான் இன்னும் உறுத்துகிறது.

கார் அவருடைய அண்ணன் கையால் செய்தது. ஒஸ்ரின் செவன் என்ற பழைய இங்கிலாந்துச் சின்னக் காரின் சட்டம், 747 சிசி இயந்திரம், மேலே அலுமினியத் தகட்டில் அடித்தெடுத்த உடல். லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கிய கொலின் சப்மனும் 1948 இல் பழைய ஒஸ்ரின் செவனை வைத்துத்தான் தன் முதல் காரைச் செய்தார். இந்தக் கார் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டிக்கென்று செய்ததாம்.

பெயின்றைச் சுரண்டியபோது வலது மட்காட், சில்லை மூடும் தகடு, முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. யாரோ இடித்து அரைகுறையாக நிமிர்த்தியது என்றே நினைத்தேன். போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்து ஒட்டுவேலைகள் எத்தனையைக் கழற்றியிருப்பேன்! தகடும் இரும்புக் குழாயைத் தொட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து, ஆணித் துளைகளில் வெடித்திருந்தது. சரி, புதிதாகவே அடிப்போம். தகட்டில் சவர்க்காரம் பூசி, அது கறுக்கும்வரை சூடுகாட்டி இளக்கவேண்டும். சூடு கூடினால் அலுமினியம் சிவந்து எச்சரிக்காது, பொத்தென்று உருகிவிழும். பிறகு மணல் மூட்டையில் வைத்து மரச்சுத்தியலால் அடி. பதினொரு நாள். இடப்பக்கத்துக்கு வெட்டிய அட்டையைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன், மயிரிழை பிசகில்லை.

"அண்ணை கட்டை ஆள். ஓட்டேக்கை முன்சில்லு தெரியவேணும் எண்டு அந்தப் பக்கத்தைப் பதிச்சு அடிச்சவர்."

முன்பே சொல்லியிருக்கலாமே. நானும் கேட்டிருக்கலாம். ஒருதரம் ஏறி இருந்து பார்த்திருந்தால்? அப்போதும் விளங்கியிராது, நான் நெட்டை.

திருப்பி அடித்துத் தருகிறேன் என்றேன். "வேண்டாம், நல்லாத்தான் இருக்கு" என்று முழுப் பணத்தையும் தந்தார். அந்தத் 'தான்' என்ன தான் என்று இன்னும் யோசிக்கிறேன்.

போகும்போது பழைய தகட்டைக் கேட்டார். "வெட்டிப்போட்டன் ஐயா." பொய்யில்லை. அதே தடிப்பில் தகடு கிடைக்காததால், அதன் நல்ல பகுதியை வெட்டி இதே காரின் வாலில் ஒட்டுப் போட்டிருந்தேன். பழைய தகட்டில் மிச்சம் பிடித்தேன் என்று நினைப்பாரோ என்று வாய் வரவில்லை. இப்போது சொன்னால் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்பார்.

போன கிழமை கார் எண்ணெய் மாற்ற வந்தது. வாலுக்கு உள்ளே கையை விட்டுத் தடவினேன். வெளியே அரம் போட்டு மழித்தது, உள்ளே அண்ணனின் சுத்தியல் தடம் அப்படியே இருக்கிறது. ஐயா பக்கத்தில்தான் நின்றார்.