அம்மாவுக்கு வந்த பெட்டியும் பில்லில் விட்டுப்போன இரண்டு எழுத்தும்

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசனில் எங்கள் வீட்டு வாசலுக்கு 2025 பிப்ரவரியில் கோலோகார்ட் பெட்டி வந்தது. மலத்தை வீட்டிலேயே எடுத்து அனுப்பி, குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அம்மாவுக்கு 72 வயது. கிரீன் கார்டில் வந்து ஐந்து வருஷம் முடிந்ததும் மெடிகேரில் (வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மாதாமாதம் பணம் கட்டிச் சேர்ந்திருந்தோம். கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) என்றாலே வேண்டாம் என்பாள். அதனால் டாக்டர் இதை எழுதிக்கொடுத்தார். அறிகுறியோ குடும்பத்தில் யாருக்கும் குடல் புற்றுநோயோ இல்லாதவர்களுக்கு 45 முதல் 85 வயது வரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மெடிகேர் முழுப் பணமும் கொடுக்கிறது.

"இதையெல்லாமா கூரியர்ல அனுப்புவாங்க?" என்று அம்மா கூசிப்போனாள். டாய்லெட் சீட்டில் பொருத்தும் தாங்கி, அதில் உட்காரும் டப்பா, சுரண்டி எடுக்க ஒரு குச்சி, ஊற்ற ஒரு பாட்டில் திரவம். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, படம் பார்த்துப் பார்த்து நான் தமிழில் சொன்னேன். மறுநாள் காலையில் தானே முடித்துவிட்டாள். ஆனால் லேபிளில் நம்மூர் வழக்கப்படி 11/2 என்று எழுதியிருந்தாள். அமெரிக்கக் கணக்கில் அது நவம்பர் 2! நல்லவேளை, யுபிஎஸ்ஸில் கொடுக்கும் முன் பார்த்துத் திருத்தினேன்.

பாசிட்டிவ் என்று வந்தது. அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. புற்றுநோய் இல்லாதவர்களிலும் நூற்றில் பத்துப் பேருக்கு மேல் இப்படி வருவதுண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆனாலும் மனசு கேட்கவில்லை. மார்ச்சில் கொலனோஸ்கோபி செய்தார்கள். குடலில் ஒரே ஒரு சின்ன பாலிப் (சதை வளர்ச்சி) இருந்தது. அங்கேயே எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் பில் வந்தது. டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) 257 டாலர், அதற்கு மேல் 20 சதவீதம். கொலனோஸ்கோபியை 'டயக்னாஸ்டிக்' (நோயைக் கண்டறியச் செய்வது) கணக்கில் போட்டிருந்தார்கள். 2023 ஜனவரிக்கு முன்னால் அது சரி. இப்போது வீட்டில் எடுத்த ஸ்டூல் டெஸ்ட் பாசிட்டிவ் ஆகி, அதைத் தொடர்ந்து செய்யும் கொலனோஸ்கோபியும் ஸ்கிரீனிங்தான், அதாவது முன்கூட்டியே பார்க்கும் தடுப்புச் சோதனை. டிடக்டிபிள் கிடையாது. ஒன்றும் எடுக்காவிட்டால் நம் கையிலிருந்து ஒரு பைசா போகாது. பாலிப் எடுத்தால் மட்டும் 15 சதவீதம். 2027-இல் அது 10 ஆகும், 2030-இல் அதுவும் போய்விடும்.

பில்லிங் ஆபீஸுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்றாவது தடவை பேசிய பெண்மணிதான் பொறுமையாகத் தேடிப் பார்த்து, "கேஎக்ஸ் மாடிஃபையர் போடவில்லை" என்றார். ஸ்டூல் டெஸ்ட்டைத் தொடர்ந்து செய்தது என்று மெடிகேருக்குச் சொல்லும் இரண்டு எழுத்து. அதைச் சேர்த்துத் திரும்ப அனுப்பினார்கள், 15 சதவீதத்தோடு முடிந்தது. உங்கள் அப்பா அம்மாவுக்கு இப்படிப் பில் வந்தால், தயவுசெய்து உடனே கட்டிவிடாதீர்கள். முதலில் கேஎக்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு இனி இந்தப் பெட்டி கிடையாது. பாலிப் இருந்தவர்களுக்கு நேரே கொலனோஸ்கோபிதான். அப்பாவுக்கு 78. மெடிகேர் பணம் கொடுக்கும், ஆனால் 76 வயதிலிருந்து அவரவர் உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். "நானும் உள்ள வரேன்" என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள்.